வண்டி எப்போது சூடாகிறது? பழைய காரின் ஓவர்ஹீட் கோளாறைத் தேடும் வரிசை

பழைய கார் சூடாக ஆரம்பித்தால் வழக்கமாக நடப்பது இது. முதலில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வைப்பார்கள். தீரவில்லை என்றால் ரேடியேட்டரை இறக்கிச் சுத்தம் செய்வார்கள். அடுத்து வாட்டர் பம்ப் மாறும். அப்புறம் "ஹெட் கேஸ்கட் போயிருக்கும்" என்று ஹெட்டையே, அதாவது சிலிண்டர்களுக்கு மேல் உட்காரும் இன்ஜினின் தலைப்பகுதியையே, இறக்கிவிடுவார்கள். அதற்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடுதான் ஹெட் கேஸ்கட். இவ்வளவுக்கும் பிறகு பார்த்தால் கோளாறு ஃபேனுக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் ரிலேயில் இருக்கும்.

பாகங்களை ஊகித்து மாற்றிக்கொண்டே போவதற்குப் பதில், "எப்போது சூடாகிறது" என்ற ஒரே கேள்வியை ஒழுங்காகக் கேட்டால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். நெரிசலில் நிற்கும்போதா? நெடுஞ்சாலையில் விரட்டிப் போகும்போதா? கிளப்பிய ஐந்து நிமிடத்திலேயா? ஏசி போட்டால் மட்டுமா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. அந்தக் காரணங்கள் புரிய, இன்ஜினிலிருந்து சூடு எப்படி வெளியே போகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சூடு போகும் வழி

எரியும் எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. இன்னொரு பெரும்பங்கு புகையோடு சைலன்சர் வழியே போய்விடும். மிச்சத்தில் பெரும்பகுதி இன்ஜினின் உலோகத்தில் இறங்குகிறது. அதை அள்ளிக்கொண்டு போய்க் காற்றில் விடுவதுதான் இன்ஜினுக்குள் சுற்றும் திரவமான கூலன்ட்டின் வேலை.

வாட்டர் பம்ப் கூலன்ட்டை இன்ஜின் பிளாக்குக்குள் தள்ளுகிறது. அங்கிருந்து அது ஹெட்டுக்கு ஏறுகிறது. ஹெட்டின் வாயிலில் தெர்மோஸ்டாட் என்ற கதவு. கூலன்ட் 82 முதல் 88 டிகிரி செல்சியஸை எட்டும் வரை இந்தக் கதவு மூடியே இருக்கும். திறக்கும் வெப்பநிலையைப் பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருப்பார்கள். மூடியிருக்கும் வரை கூலன்ட் ஒரு சின்ன பைபாஸ் வழியாக இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். திறந்ததும் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குப் போய், குளிர்ந்து, கீழ் ஹோஸ் வழியாக மறுபடி பம்புக்கு வரும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும். வேலை அதேதான்.

ஆக, வண்டி சூடானால் மூன்றில் ஒன்று நடந்திருக்கிறது: அள்ளிக்கொண்டு போகக் கூலன்ட் போதவில்லை; கூலன்ட் இருக்கிறது, ஆனால் ஓடவில்லை; ஓடுகிறது, ஆனால் ரேடியேட்டரில் சூட்டை இறக்க முடியவில்லை. நாலாவதாக ஒன்று அபூர்வமாக உண்டு. கூலிங் சிஸ்டம் சரியாகவே இருக்கும், இன்ஜின்தான் அளவுக்கு மீறிச் சூட்டை உண்டாக்கிக்கொண்டிருக்கும்.

மூடி என்ற வால்வு

ரேடியேட்டர் மூடியைச் சும்மா ஒரு மூடி என்று நினைப்பவர்கள்தான் அதிகம். உண்மையில் அது ஒரு பிரஷர் வால்வு. அதன் தலையில் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருந்தால் அது பார் கணக்கு. 13, 15 என்று இருந்தால் பிஎஸ்ஐ கணக்கு. அந்த அழுத்தம் வரை மூடி பிடித்து வைத்திருக்கும், தாண்டினால் கூலன்ட்டை ரிசர்வ் டேங்குக்கு விடும்.

அழுத்தம் எதற்கு? திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 0.9 பார் அழுத்தம் கொடுத்தால் கொதிநிலை 118 டிகிரிக்கு ஏறிவிடும். பாதித் தண்ணீர், பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் என்றால் அதே அழுத்தத்தில் 125-ஐத் தாண்டும். ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள இடம் மீட்டர் காட்டுவதைவிட எப்போதும் சூடாகவே இருக்கும். மூடியின் ரப்பர் வெடித்து அழுத்தம் நிற்காவிட்டால் அந்த இடத்தில் கூலன்ட் முன்கூட்டியே கொதிக்கும். கொதித்தால் ஆவி. ஆவி படிந்த உலோகத்திலிருந்து கூலன்ட்டால் சூட்டை எடுக்க முடியாது. அந்த இடம் இன்னும் சூடாகும், இன்னும் கொதிக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி "திடீரென்று" பொங்குவதன் பின்னால் இருப்பது இந்தச் சுழல்தான்.

மூடியில் இன்னொரு சின்ன வால்வும் நடுவில் உண்டு. இன்ஜின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். அப்போது இந்த வால்வு திறந்து ரிசர்வ் டேங்கிலிருந்து கூலன்ட்டைத் திரும்ப உறிஞ்ச விடும். இரவு நிறுத்திய வண்டியில் காலையில் மேல் ஹோஸ் சப்பிப் போயிருந்தால் அந்த வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது ரிசர்வ் டேங்குக்குப் போகும் சிறு குழாய் அடைத்திருக்கிறது. மூடியை மாற்றும்போது பழையதில் உள்ள அதே அழுத்த அளவையே வாங்குங்கள். அதிக அழுத்தம் நல்லது என்று பெரிய எண்ணைப் போட்டால் பழைய ரேடியேட்டரின் பற்றவைப்பும் வண்டிக்குள் சூடான காற்று தரும் ஹீட்டர் கோரும்தான் முதலில் விட்டுக்கொடுக்கும்.

முதலில் தெரிய வேண்டியது: உண்மையிலேயே சூடா?

மீட்டர் முள் சிவப்பில் நிற்கிறது. ஆனால் ஆவி இல்லை, ரிசர்வ் டேங்க் பொங்கவில்லை, சூட்டு வாடை இல்லை. அப்படியானால் முள்ளையும் சந்தேகப்படலாம். பழைய கார்களில் மீட்டருக்குச் சீரான மின்சாரம் கொடுக்க டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சின்ன வோல்ட்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும். அது கெட்டால் டெம்பரேச்சர் முள்ளும் பெட்ரோல் முள்ளும் சேர்ந்தே உயரும். இரண்டும் ஒன்றாக ஆட்டம் காட்டினால் கோளாறு இன்ஜினில் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஹெட்லைட் போட்டதும் முள் நகர்ந்தால் எர்த் வயரைப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறானதுதான் ஆபத்து. கூலன்ட் பெருமளவு வடிந்து சென்சார் காற்றில் நின்றால் அது சூட்டைச் சரியாகக் காட்டாது. முள் நடுவில் நிற்கும், சில நேரம் கீழேகூட இறங்கும், இன்ஜின் உள்ளே வெந்துகொண்டிருக்கும். ஹீட்டர் போட்டால் குளிர்ந்த காற்று வருகிறது, முள்ளோ ஆடுகிறது என்றால் உடனே நிறுத்திக் கூலன்ட் அளவைத்தான் பார்க்க வேண்டும்.

சந்தேகத்தைத் தீர்க்க ஓர் இன்ஃப்ராரெட் வெப்பமானி போதும். தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் குறி வையுங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் இது உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். எனவே இன்ஜின் ஆறியிருக்கும்போதே அந்த இடத்தில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி, பிறகு அதன் மேல் அளவெடுங்கள். 85 முதல் 100 வரை காட்டினால் பெரும்பாலான இன்ஜின்களுக்கு இயல்பு. 110-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே இருந்தால் முள் பொய் சொல்லவில்லை.

அளவு குறைகிறதா, குறைந்தால் எங்கே போகிறது?

இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு மட்டும் மூடியைத் திறக்கவும். நிறுத்திக் குறைந்தது ஒரு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள், விறைப்பாக இருந்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது. சூடாக இருக்கும்போது திறந்தால், அழுத்தத்தால் மட்டுமே கொதிக்காமல் நின்ற கூலன்ட் ஒரே நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். கையில் துணி சுற்றிக்கொண்டாலும் அது நிற்காது.

ரேடியேட்டரின் கழுத்து வரை கூலன்ட் நிற்க வேண்டும். ரிசர்வ் டேங்கில் அளவு சரியாக இருந்தாலும் ரேடியேட்டர் காலியாக இருக்கலாம், மூடி உறிஞ்சாவிட்டால் அப்படித்தான் ஆகும். ஆகவே இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

குறைந்திருந்தால் எங்கேயோ போகிறது. தரையில் சொட்டுவதுதான் எளிய வழக்கு. சூடான உலோகத்தில் விழுந்து ஆவியாகும் கசிவு சொட்டாது, வெள்ளை அல்லது பச்சை உப்புத் தடம்தான் விட்டுப்போகும். அதைத் தேடுங்கள்: ஹோஸ் கிளிப்புகளின் ஓரம், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க் அலுமினியத்தோடு சேரும் விளிம்பு, வாட்டர் பம்பின் அடியில் உள்ள சின்னத் துளை. அந்தத் துளை வேண்டுமென்றே வைத்தது. உள்ளே சீல் தேய்ந்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வடிய ஒரு வழி. அங்கே ஈரமோ தடமோ இருந்தால் பம்பை மாற்றியே ஆக வேண்டும், துளையை அடைத்து வைப்பது பேரிங்கைக் கொல்வது. பிளாக்கின் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் வட்டமான தகர மூடிகள் இருக்கும். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் இவை உள்ளிருந்து துருப்பிடித்து ஓட்டையாகும். வண்டிக்குள் காலடி விரிப்பு நனைந்து, கண்ணாடியில் பிசுபிசுப்பான பனி படிந்து, இனிப்பான வாடை வந்தால் கசிவது ஹீட்டர் கோர்.

கண்ணுக்குத் தெரியாவிட்டால் கைப்பம்பு போன்ற பிரஷர் டெஸ்டரை ரேடியேட்டர் கழுத்தில் மாட்டி, மூடியில் எழுதியுள்ள அழுத்தம் வரை ஏற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். முள் இறங்கினால் கசிவு உண்டு. வெளியே எங்கும் ஈரமில்லாமல் இறங்கினால் கூலன்ட் இன்ஜினுக்குள்தான் போகிறது.

கசிவை அடைக்கும் பொடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நடுவழியில் வேறு போக்கில்லை என்றால் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பொடிக்குக் கசிவு எது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய் எது என்று தெரியாது.

இனி அந்தக் கேள்வி

கூலன்ட் நிறைந்திருக்கிறது, மூடி சரி, கசிவில்லை, ஆனாலும் சூடாகிறது. இப்போது நேரத்தைக் கவனியுங்கள்.

நின்றால் சூடாகிறது, ஓடினால் இறங்குகிறது: காற்று போதவில்லை. ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நின்றால் ஃபேன் மட்டும்தான். எனவே தேட வேண்டியது ஃபேன், அதன் மின்சாரம், அதைச் சுற்றியுள்ள கூடு. தெர்மோஸ்டாட்டையும் ஹெட்டையும் இப்போதைக்குத் தொடாதீர்கள்.

நகரத்துக்குள் சரி, நெடுஞ்சாலையிலும் மேட்டிலும் ஏறுகிறது: காற்று தாராளமாக இருக்கிறது, கூலன்ட் ஓட்டம்தான் போதவில்லை. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், பம்பின் இதழ்கள் அரித்திருக்கலாம், பெல்ட் வழுக்கலாம், கீழ் ஹோஸ் சப்பலாம், தெர்மோஸ்டாட் பாதிதான் திறக்கலாம்.

கிளப்பிய சில நிமிடங்களிலேயே ஏறுகிறது: தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கிறது, அல்லது உள்ளே பெரிய காற்றுக்குமிழி, அல்லது ஹெட் கேஸ்கட்.

ஏசி போட்டால் மட்டும்: ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சர் சூடான காற்றை அனுப்புகிறது, இன்ஜினுக்குச் சுமையும் கூடுகிறது. சிஸ்டம் ஏற்கெனவே விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தது, ஏசி அதைக் காட்டிக்கொடுத்தது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கை டார்ச் அடித்துப் பாருங்கள். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும், நடுவில் தூசியும் பூச்சியும் இலையும் மெத்தை போலப் படிந்திருக்கும். தண்ணீரை இன்ஜின் பக்கமிருந்து முன்னோக்கி, அழுத்தம் அதிகமில்லாமல் அடியுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டத்தில் பிடித்தால் ஃபின்கள் என்ற மெல்லிய தகடுகள் படுத்துவிடும்; பிறகு காற்று நுழையவே வழியிருக்காது.

ஃபேன்

எலக்ட்ரிக் ஃபேன் பொதுவாக 92 முதல் 98 டிகிரிக்குள் ஓட ஆரம்பிக்க வேண்டும். இன்ஜினை ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) விட்டு, முள் பாதியைத் தாண்டும்போது காது கொடுத்துக் கேளுங்கள். ஓடவில்லை என்றால் பியூஸிலிருந்து தொடங்குங்கள். அது சரியென்றால் ஃபேனின் பிளக்கைக் கழற்றி பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுங்கள். அப்போதும் ஓடாவிட்டால் மோட்டார்தான். தட்டினால் ஓடி, மறுபடி நின்றுபோனால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. இந்த வகை மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் ஓடும், சாலையில் கைவிடும்.

நேராகக் கொடுத்தால் ஓடுகிறது, தானாக ஓடவில்லை என்றால் ரிலே அல்லது ஸ்விட்ச். பழைய கார்களில் ரேடியேட்டரின் பக்கத்திலேயே இரண்டு வயர் கொண்ட வெப்ப ஸ்விட்ச் திருகியிருக்கும். இக்னிஷனைப் போட்டு, அதன் பிளக்கைக் கழற்றி, பிளக்கின் இரண்டு முனைகளையும் ஒரு சிறு வயரால் இணையுங்கள். ஃபேன் ஓடினால் ஸ்விட்ச் கெட்டது. ஓடாவிட்டால் ரிலே, இல்லையேல் வயரிங். கணினி கட்டுப்படுத்தும் ஃபேன் என்றால் இந்தச் சோதனை வேண்டாம். அதில் சென்சார் வயர்களை இப்படி இணைக்கக் கூடாது.

ஓடுவது மட்டும் போதாது, சரியான திசையில் ஓட வேண்டும். மோட்டார் மாற்றியபோது வயரை மாற்றி மாட்டினால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றி, வரும் காற்றோடு மல்லுக்கட்டும். ரேடியேட்டருக்குப் பின்னால் உள்ள ஃபேன் காற்றை இன்ஜின் பக்கம் இழுக்க வேண்டும். முன்புறம் ஒரு தாளைக் காட்டினால் ரேடியேட்டரோடு ஒட்டிக்கொள்ளும். விழுந்தால் திசை தப்பு, அல்லது இழுவை போதவில்லை.

பெல்ட்டில் சுற்றும் ஃபேனில் நடுவில் விஸ்கஸ் கிளட்ச், அதாவது கெட்டித் திரவத்தின் பிடிப்பால் ஃபேனைச் சுற்றவைக்கும் இணைப்பு, இருக்கும். இன்ஜினை நிறுத்தி, ஆறிய நிலையில் கையால் சுற்றிப் பாருங்கள். மெல்லிய பிடிப்பு தெரிய வேண்டும். பொம்மைக் காற்றாடி போலத் தாராளமாகச் சுற்றினால், அல்லது நடுவிலிருந்து எண்ணெய்த் தடம் வெளிப்பக்கம் தெறித்திருந்தால் உள்ளிருக்கும் சிலிக்கான் திரவம் போய்விட்டது.

ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூட்டை உடைந்ததென்று கழற்றிப் போட்டு ஓட்டுபவர்கள் நிறைய. அந்தக் கூடு இருந்தால்தான் ஃபேன் ரேடியேட்டர் முழுவதிலிருந்தும் காற்றை இழுக்கும். இல்லாவிட்டால் தனக்கு நேரே உள்ள வட்டத்தில் மட்டும் இழுக்கும், மூலைகள் சும்மா கிடக்கும்.

தெர்மோஸ்டாட்: கையால் ஒரு சோதனை, அடுப்பில் ஒரு சோதனை

காலையில் ஆறிய இன்ஜினைக் கிளப்பி, சில நிமிடங்களுக்கு ஒரு முறை மேல் ஹோஸைத் தொடுங்கள். கை, சட்டை எதுவும் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் அருகே போகக் கூடாது. எலக்ட்ரிக் ஃபேன் சொல்லாமல் ஓட ஆரம்பிக்கும், இக்னிஷனை அணைத்த பிறகும் சில வண்டிகளில் ஓடும். தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால் மேல் ஹோஸ் வெதுவெதுப்பாகவே இருந்து, முள் இயல்பு நிலையை நெருங்கும்போது சட்டென்று சூடாகும். கதவு திறந்த கணம் அதுதான். முள் சிவப்பை நோக்கி ஏறியும் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் கதவு திறக்கவில்லை. தொடக்கத்திலிருந்தே முள்ளோடு சேர்ந்து மெல்ல மெல்லச் சூடாகிக்கொண்டே வந்தால் கதவு மூடவே இல்லை, அல்லது யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள்.

உறுதி செய்ய அதைக் கழற்றி, ஒரு பாத்திரத் தண்ணீரில் அடியில் படாதபடி நூலில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். ஒரு வெப்பமானியையும் கூடவே பிடியுங்கள். 82 என்று பொறித்திருந்தால் அதையொட்டி ஓரிரு டிகிரி வித்தியாசத்தில் விளிம்பில் ஒரு மயிரிழை இடைவெளி தெரிய ஆரம்பிக்கும். அடுத்த 10, 12 டிகிரிக்குள் முழுக்கத் திறந்துவிட வேண்டும், பெரும்பாலும் 8 மிமீ அளவுக்கு. பாதியில் நின்றுவிட்டால் அதுதான் உங்கள் நெடுஞ்சாலைச் சூடு. மாட்டும்போது ஸ்பிரிங் உள்ள பக்கம் இன்ஜினை நோக்கியும், காற்று வெளியேறும் சின்னத் துளை மேலேயும் இருக்கட்டும். அந்தத் துளை கீழே போனால் உள்ளே மாட்டிய காற்று வெளியேறாது, புது தெர்மோஸ்டாட் போட்டும் சூடாகிறது என்ற புலம்பல் அங்கிருந்துதான் தொடங்கும்.

தெர்மோஸ்டாட் இல்லாமலே ஓட்டினால் குளிர்ச்சியாக ஓடும் என்பது பரவலான நம்பிக்கை. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும். சுமை ஏறும்போது முன்பைவிட அதிகமாகவே சூடாகலாம். மற்ற நேரத்தில் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது, பெட்ரோல் கூடும், சிலிண்டர் தேயும்.

ரேடியேட்டரும் பம்பும்

ரேடியேட்டர் உள்ளே அடைபடுவதற்கு முதல் குற்றவாளி உப்புத் தண்ணீர். சுண்ணாம்பும் துருவும் மெல்லிய குழாய்களில் படிந்து ஒவ்வொன்றாக மூடிவிடும். இன்ஜின் சூடாகி ஃபேன் ஓடும் நிலையில், நிறுத்திவிட்டு உடனே இன்ஃப்ராரெட் வெப்பமானியால் ரேடியேட்டர் முகத்தைக் கட்டம் கட்டமாக அளந்து பாருங்கள். கூலன்ட் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சீராகக் குறைய வேண்டும். நடுவில் ஓரிடம் திடீரென்று 20, 30 டிகிரி குளிர்ந்திருந்தால் அங்கே கூலன்ட் போகவில்லை. செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்றால் டேங்கைக் கழற்றிக் குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்ய முடியும். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தது என்றால் மாற்றுவதே புத்திசாலித்தனம்.

இரண்டு ஹோஸ்களின் சூட்டை ஒப்பிடுவதும் நிறையச் சொல்லும். மேல் ஹோஸ் 98, கீழ் ஹோஸ் 50 என்றால் கூலன்ட் ரேடியேட்டரில் தேங்கி நகராமல் குளிர்கிறது, ஓட்டம் இல்லை. மேலே 98, கீழே 95 என்றால் ஓட்டம் இருக்கிறது, சூடு இறங்கவில்லை, காற்றைப் பாருங்கள்.

பம்ப் வெளியே கசியாமலும் கெடும். வெறும் தண்ணீரில் ஓடிய பம்பின் இரும்பு இதழ்கள் அரித்து மொட்டையாகியிருக்கும். பிளாஸ்டிக் இதழ் என்றால் தண்டில் பிடிப்பை இழந்து நழுவும். தண்டு ஓடும், இதழ் நிற்கும். பெல்ட்டைக் கட்டைவிரலால் நடுவில் அமுக்கினால் 10 மிமீ அளவுக்கு இறங்கலாம், அதற்கு மேல் தொளதொளத்தால் வழுக்கும். டைமிங் பெல்ட் ஓட்டும் பம்ப் என்றால், அந்த பெல்ட்டை மாற்றும்போதே பம்பையும் மாற்றிவிடுங்கள். இரண்டுக்கும் பிரிக்கும் வேலை ஒன்றுதான்.

கீழ் ஹோஸ் பம்பின் உறிஞ்சும் பக்கம். பழசாகி மெத்தென்று ஆன ஹோஸ் ஐடிலில் பார்க்க நன்றாகவே இருக்கும். ஒருவர் ஆக்சிலரேட்டரை மிதித்து 3000 சுற்றில் பிடிக்க, மற்றவர் பார்த்தால் அது உறிஞ்சப்பட்டுச் சப்புவது தெரியும். இதைத் தடுக்கத்தான் பல வண்டிகளில் உள்ளே ஒரு கம்பிச் சுருள் வைத்திருப்பார்கள். துருப்பிடித்துக் கரைந்த சுருளை ஹோஸ் மாற்றியவர் மறுபடி வைக்காமல் விட்டிருக்கலாம்.

ஹெட் கேஸ்கட்: கடைசியாகச் சந்தேகப்படுங்கள், ஆனால் சோதிக்காமல் விடாதீர்கள்

ஆயில் மூடிக்குள் வெண்ணெய் போன்ற படிவம் இருந்தாலே கேஸ்கட் போச்சு என்பார்கள். குறைந்த தூரம் மட்டும் ஓடும் வண்டிகளில் ஈரம் ஆவியாகாமல் அப்படிப் படிவது சகஜம். டிப் ஸ்டிக்கில் உள்ள ஆயிலே பாலேடு போல் மாறியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

நம்பகமான எளிய சோதனை காலையில், இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது. மேல் ஹோஸ் மென்மையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மூடி போட்ட நிலையிலேயே கிளப்புங்கள். ஓரிரு நிமிடத்தில் ஹோஸ் கல்லாக விறைத்தால் கவனியுங்கள்: அவ்வளவு நேரத்தில் கூலன்ட் சூடேறி விரிய வாய்ப்பே இல்லை. அழுத்தம் வேறெங்கிருந்து வந்தது? சிலிண்டருக்குள்ளிருந்து எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகுகிறது.

இன்னொரு நாள் காலை மூடியைத் திறந்து கழுத்து வரை நிரப்பிக் கிளப்புங்கள். தொடக்கத்தில் சில குமிழிகள் வருவது மாட்டியிருந்த காற்று, அது அடங்கிவிடும். அடங்காமல் தொடர்ந்து வந்து, ஆக்சிலரேட்டரைக் கொடுத்தால் கூடினால் கேஸ்கட்டோ ஹெட்டில் விரிசலோ. கூலன்ட் சூடாவதற்கு முன் சோதனையை முடித்து மூடிவிடுங்கள். சந்தேகம் மிச்சமிருந்தால் ஒர்க்‌ஷாப்பில் நீல நிறத் திரவச் சோதனை செய்யச் சொல்லலாம். ரேடியேட்டர் கழுத்திலுள்ள காற்றை அந்தத் திரவத்தின் வழியே உறிஞ்சுவார்கள். பெட்ரோல் வண்டியில் நீலம் மஞ்சளாக மாறினால் எரிந்த வாயு கலந்திருக்கிறது.

ஹெட்டை இறக்கிவிட்டால் கேஸ்கட்டை மட்டும் மாற்றி ஏற்றாதீர்கள். நேர்விளிம்புப் பட்டையை ஹெட்டின் மேல் நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைவிட்டத்திலும் வைத்து, இடுக்கில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்துப் பாருங்கள். பல இன்ஜின்களுக்கு 0.05 மிமீதான் அனுமதி. உங்கள் இன்ஜினின் சரியான எண் அதன் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். அதற்கு மேல் வளைந்திருந்தால் லேத்தில் முகம் சீவித்தான் ஏற்ற வேண்டும். சூட்டில் கேஸ்கட் போனதா, கேஸ்கட் போனதால் சூடானதா என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சூட்டில்தான் கேஸ்கட் போனது என்றால், சூட்டின் மூலகாரணம் இன்னும் வண்டியிலேயே இருக்கிறது. புது கேஸ்கட்டையும் அது தின்னும்.

கூலிங் சிஸ்டத்துக்கு வெளியே

எல்லாம் சரியாக இருந்தும் சூடு குறையாவிட்டால் இக்னிஷன் டைமிங்கை, அதாவது பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி விழும் நேரத்தை, பாருங்கள். பொறி தாமதமாக விழுந்தால் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் எரிந்துகொண்டே இருக்கும்; அந்தச் சூடு ஹெட்டின் எக்ஸாஸ்ட் வழியில் இறங்கும். சிலிண்டர்களுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் குழாய் கிழிந்திருப்பது இதற்குச் சாதாரண காரணம். கார்புரேட்டர் ஜெட் அடைத்துக் கலவையில் பெட்ரோல் குறைந்தாலும், சைலன்சர் அடைத்தாலும், பிரேக் பிடித்துக்கொண்டே ஓடினாலும் சூடு ஏறும். ஓடி நிறுத்தியதும் நாலு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால், பிடித்திருக்கும் சக்கரம் அனலடிக்கும்.

நடுவழியில் முள் ஏறினால்

ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் போடுங்கள். ஹீட்டர் கோர் ஒரு சின்ன ரேடியேட்டர். உங்களுக்கு வேர்க்கும், இன்ஜினுக்கு இதமாக இருக்கும். முள் இறங்கினால் மெதுவாக ஓரம் கட்டுங்கள். இறங்காமல் சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ பாதுகாப்பான முதல் இடத்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே" என்று போவதில்தான் ஹெட் வளைகிறது. ஆறாத இன்ஜின் மேலோ உள்ளேயோ குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டாம். சூடான உலோகம் ஒரு பக்கம் மட்டும் சுருங்கினால் விரிசல் விடும்.

சரிசெய்து நிரப்பும்போது

பாதி கூலன்ட் செறிவு (தண்ணீர் கலக்காத கூலன்ட்), பாதி டிஸ்டில்டு தண்ணீர். நேரடியாக ஊற்றும் தயார்க் கலவை என்றால் மேலும் தண்ணீர் சேர்க்காதீர்கள். செறிவை அப்படியே ஊற்றினால் நல்லது என்பதும் தவறு. கிளைக்கால் தண்ணீர் அளவுக்குச் சூட்டைச் சுமக்காது. நிறத்தை வைத்து இரண்டு வகையைக் கலக்காதீர்கள், நிறம் தயாரிப்பாளரின் விருப்பம். புட்டியில் உள்ள வகையைப் பாருங்கள். எத்திலீன் கிளைக்கால் விஷம், சுவையோ இனிப்பு. வடித்த கூலன்ட்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுப் போனால் நாயும் பூனையும் குடித்துச் சாகும்.

சின்ன கார்களுக்கு 4, 5 லிட்டர் பிடிக்கும். வடித்தது 4 லிட்டர், நிரம்பியது இரண்டரை என்றால் மிச்ச இடத்தில் காற்று இருக்கிறது. முன்பக்கம் உயரும்படி வண்டியைச் சரிவில் நிறுத்தி, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் திறந்து, மெதுவாக ஊற்றுங்கள். மூடி திறந்த நிலையில் ஐடிலில் விட்டு, மேல் ஹோஸைக் கையால் பிசைந்து கொடுத்தால் குமிழிகள் வெளியேறும். அளவு இறங்க இறங்க ஊற்றி, கூலன்ட் பொங்கத் தொடங்குவதற்குள் மூடியைப் போடுங்கள்.

மறுநாள் காலை ஆறிய இன்ஜினில் அளவைப் பாருங்கள். கால் லிட்டர் வரை குறைந்திருந்தால் மிச்சக் காற்று வெளியேறியதுதான், நிரப்பிவிடுங்கள். மூன்றாம் நாள் காலையும் குறைந்திருந்தால் காற்று அல்ல, பிரஷர் டெஸ்டரை மறுபடி கழுத்தில் மாட்டுங்கள்.